கரிமூஞ்சியின் காய்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு தேவலை. ஆப்பரேஷன் தையல் ஆறிவிட்டது, படியேறும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. அங்கே நீ, உன் வீட்டுக்காரி, குழந்தை மூவரும் சுகம்தானே? குழந்தைக்கு இருமல் விட்டதா? உன்னைப் போனில் பிடிக்கவே முடிவதில்லை. எப்போது கூப்பிட்டாலும் யாருடைய குளிர்சாதனக் கிடங்குக்குள்ளோ நிற்கிறாய், பாதிப் பேச்சில் அறுந்துவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். நம் ஆர்க்கிட் கரிமூஞ்சி மொட்டு விட்டிருக்கிறது. நேற்று தண்ணீர் தெளித்துவிட்டுக் குனிந்து பார்க்கிறேன், கம்பிக் கூடைக்கு அடியில் பாசியைத் துளைத்துக்கொண்டு பச்சை நூல் போலத் தண்டு தொங்குகிறது. நம்பவே முடியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் அத்தான் மழைத்தண்ணீருக்குப் பதிலாகக் குழாய்த்தண்ணீரை ஊற்றி, பாதி இலை நுனி கருகிப்போய், இது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ரொட்டி மாவுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றத் தெரியும் அந்த மனிதருக்கு.

உன் செடியும் மொட்டு விட்டிருப்பதாக, நான் ஆஸ்பத்திரியில் சேருமுன் வந்த கடிதத்தில் எழுதியிருந்தாய். இரண்டும் ஒரே சமயத்தில் பூப்பது இதுதான் முதல் தடவை. தன் மகரந்தம் தனக்கு ஒட்டாத செடி இது. உன்னுடையது வந்தால்தான் என்னுடையது காய்க்கும். நமக்கு நாற்று விற்ற வியாபாரி போய்ச் சேர்ந்துவிட்டான். அவனிடம் வாங்கிய மற்றவர்களின் செடிகளும் வெயிலுக்கு ஒவ்வொன்றாகப் போய்விட்டன. எனக்குத் தெரிந்து உன்னிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, அவ்வளவுதான் மிச்சம்.

பல் குத்தும் குச்சியால் பூவின் நடுவில் தொட்டாலே அந்த மஞ்சள் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வரும். பஞ்சில் வைத்து, மாத்திரைக் குப்பியில் போட்டு, கூரியரில் அனுப்பு. இரண்டையும் இந்த மலைக்குளிரிலேயே விட்டுவை என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டபோது, "குளிர் என் தொழில்க்கா, என் ரூம்ல அரை டிகிரி ஏறாது" என்று பிடிவாதம் பிடித்தாய். சரி, இப்போதாவது அந்த அறையால் எனக்கு ஒரு பிரயோஜனம் உண்டாகட்டும்.

குழந்தைக்கு முத்தம்.

அக்கா

*

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குழந்தைக்கு இருமல் விட்டுவிட்டது. நீ மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அத்தான் கால் வலி எப்படி இருக்கிறது?

நீ கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். குப்பியை நிமிர்த்தியே திற. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். தலைக்கு மேல் வேலை. ஐஸ்கிரீம் கம்பெனி ஒன்றில் கிடங்கு முழுக்கப் பழுது. ஒரு மோட்டாரைச் சரிசெய்தால் அடுத்தது நிற்கிறது. கம்பெனி மேனேஜர் என் கூடவே நின்றுகொண்டு மூச்சுக்கு மூச்சு எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறார். இங்கே இப்போதே வெயில் ஆரம்பித்துவிட்டது. அங்கே குளிர் எப்படி?

ஒரு விஷயம். மகரந்தம் கொஞ்சம் பழையது. ஒட்டாமல் போனால் வருத்தப்படாதே. பத்துக்கு ஒன்பது பூ உதிர்ந்துவிடும் என்று நீயே சொல்வாய்.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுது.

பிடித்துவிட்டதடா! முதல் வாரம் முழுக்க உதிரப்போகிறது, உதிரப்போகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பூ வாடிற்று. ஆனால் காம்பு மஞ்சளாகவில்லை. பூவுக்குப் பின்னால் தடித்து, இப்போது பென்சில் கனத்துக்கு ஒரு காய் தொங்குகிறது. லேபிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் செடிகள் இருக்கிற கண்ணாடி வீட்டுக்குள் போகிறேன் என்று அத்தான் சிரிக்கிறார். நாளெல்லாம் ஊரார் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவளுக்கு, பார்க்கிற மாதிரி ஒன்று வாய்த்திருக்கிறது, சிரிக்கட்டும்.

காய் முற்ற இன்னும் மாதக்கணக்காகும். வெடிப்பதற்கு முன்னால் பச்சையாகவே அறுத்து, லேபில் ஓய்ந்த நேரத்தில் குப்பிகளில் விதைத்துவிடலாம் என்று இருக்கிறேன். வக்கீலிடம் சொல்லிவிட்டேன். அவர் செடி போன வருஷம் செத்தபோது, வீட்டில் யாரோ போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தாரே, அவர்தான். பல் டாக்டர் அம்மாவிடமும் சொன்னேன். ஆளுக்கொரு குப்பி தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். லேபிள்கூட எழுதிவிட்டேன்: கரிமூஞ்சி, அக்கா செடி, தம்பி செடி. படிக்கவே நன்றாக இருந்தது.

ஒரு கவலை. குழாய்த்தண்ணீர் குடித்த செடியல்லவா, காயைச் சுமக்கத் திணறுகிறது. ஓர் இலை விழுந்தது. பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம். உன் பூவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அக்கா

*

மார்ச் 5
(ரொட்டிக்கடை விலாசத்துக்கு)

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். கடையும் கால் வலியும் எப்படி இருக்கின்றன? வீட்டுக்கு எழுதாமல் கடைக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதை அக்கா பார்க்கக் கூடாது.

என் கரிமூஞ்சி செத்துவிட்டது. இப்போது இல்லை, அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே. நான் வெளியூரில் மீன் கிடங்கு ஒன்றைப் பழுதுபார்க்கப் போயிருந்தேன். என் வீட்டுக்காரி குழந்தையோடு அவள் அம்மா வீட்டில் இருந்தாள். என் அறையின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டே இருந்திருக்கின்றன. பூட்டிய அறை, வெளியே வெயில். நான் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது முகத்தில் அனல் அடித்தது. தண்ணீரைச் சேர்த்து வைக்கக் கிழங்கோ தடித்த தண்டோ இல்லாத செடி அது, தாங்குமா? இலையெல்லாம் வெந்து தொங்கிற்று. ஊரில் எல்லோருடைய அறைக்கும், குளிர் குறைந்தால் அடிக்கிற மணியை மாட்டிக் கொடுக்கிறவன் நான். என் அறைக்கு மாட்டவில்லை.

அக்கா படுத்திருந்தாள். எழுந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். எழுந்தவுடன் மகரந்தம் அனுப்பு என்று எழுதினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழ்த்தட்டில் ஈரச் சல்லிமேல் இருந்ததால் மஞ்சவால் பிழைத்திருந்தது. அது கரிமூஞ்சிக்குச் சித்தப்பா மகன் மாதிரி, வேறு செடி. அதன் மகரந்தத்தை அனுப்பினேன். எல்லாம் பார்க்க ஒரே மஞ்சள் உருண்டைதான். வேறு செடி ஆயிற்றே, ஒட்டாது, வாரத்தில் பூ உதிரும், அதோடு பேச்சு முடியும் என்று கணக்குப் போட்டேன்.

ஒட்டிக்கொண்டது அத்தான். இப்போது அக்கா கலப்புக் காய் ஒன்றுக்காகத் தன் செடியைப் பட்டினி போடுகிறாள். நாலு வருஷம் கழித்து வக்கீல் வீட்டில் மஞ்சள் வாலோடு பூ பூக்கும்போது அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? எப்படியாவது அந்தக் காயை அறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

உங்கள்,
மச்சான்

*

மார்ச் 14
ரொட்டிக்கடை

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. உன் கடிதம் வந்த அன்று ஒரு தட்டு பன்னைக் கருக்கிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் கருக்கியதே இல்லை. வேலைக்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

நான் சொன்னால் கேட்பாள் என்று எழுதியிருக்கிறாய். உன் அக்காவோடு எத்தனை வருஷம் வளர்ந்தாய் நீ? அவள் என் பேச்சைக் கேட்டு ஒரு கர்ச்சீப்பாவது மடித்து வைத்திருப்பாளா? செடிக்குக் குழாய்த்தண்ணீர் ஊற்றியவன் நான். செடி விஷயத்தில் வாயைத் திறக்கவே எனக்கு உரிமை கிடையாது. இருந்தாலும் முயன்றேன். "செடி இளைச்சுப் போச்சே, காய எடுத்துடேன்" என்று பட்டும் படாமலும் சொன்னேன். காய்ந்த தோசைக்கல்லைத் தலையில் வைத்த மாதிரி ஒரு பார்வை பார்த்தாள், அதோடு சரி.

மச்சான், நீ அங்கே இருக்கிறாய். நான் தினமும் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். காய் இன்று இவ்வளவு பெருத்தது, தம்பி செடிக்கு என்ன வீரியம் பார்த்தீர்களா என்று சொல்கிறாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுகிறேன். எனக்கு இது ஆகாது.

உடனே சொல்லிவிடு என்றுதான் எழுத வந்தேன். ஆனால் நேற்று டாக்டரிடம் போனோம். இன்னும் கொஞ்ச நாளைக்கு அவள் மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது என்கிறார். அதனால் ஏப்ரல் வரைக்கும் பொறு. இப்போது நானும் உன் திருட்டில் பங்காளி ஆகிவிட்டேன், திருப்திதானே? அடே ஐஸ்பெட்டி, உன்னைக் கட்டி வைத்து அடிக்க வேண்டும்.

தங்கச்சியையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்.

அத்தான்

*

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குழந்தை நடக்கிறாள், பிடித்துக்கொண்டு. உன் உடம்பு எப்படி? படியேற முடிகிறதா?

அக்கா, கரிமூஞ்சியைப் பற்றி யோசித்தேன். இலை விழுவதாக எழுதியிருந்தாய். செடி பெரிதா, காய் பெரிதா? செடி இருந்தால் அடுத்த வருஷமும் பூக்கும். இந்தக் காயை அறுத்து எறிந்துவிடு. உடனே செய். வக்கீலும் பல் டாக்டரும் ஒரு வருஷம் காத்திருந்தால் குடி முழுகிவிடாது.

போட்டோ எடுக்க நினைத்தேன், பூ அதற்குள் வாடிவிட்டது. கிடங்கு வேலை இன்னும் முடிந்தபாடில்லை. அந்த மேனேஜர் இப்போது என்னை மாமா என்று கூப்பிடுகிறார், அந்த அளவுக்குப் பழகிவிட்டோம்.

அறுத்துவிட்டு எழுது.

தம்பி

*

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். குழந்தை நடக்கிறாள் என்று படித்ததும் அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. அவளுக்குக் கால் கொலுசு எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உனக்கு என்ன ஆயிற்று? எங்கள் வீட்டு மனிதரும் காயை எடு என்கிறார், நீயும் எடு என்கிறாய். இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டீர்களா? அவருக்குச் செடி என்றால் என்ன என்று தெரியாது, மன்னிக்கலாம். நீ அப்படியா? அடுத்த வருஷமும் பூக்குமாம். இரண்டும் ஒன்றாகப் பூக்க எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று மறந்துவிட்டதா? மனசில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். உன் செடியில் காய் வைக்கவில்லை என்று உனக்குப் பொறாமையா? அப்படி இருந்தால் சொல்லிவிடு, எனக்கு ஒன்றுமில்லை. அடுத்த முறை உன்னிடம் வைக்கலாம்.

செடி மோசம்தான், மறைக்கவில்லை. வாரத்துக்கு ஓர் இலையாவது மஞ்சளாகி விழுகிறது. புதுத் துளிர் ஒன்று வந்தது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. காய் மட்டும் பளபளவென்று இருக்கிறது. எல்லாச் சத்தையும் அதுதான் இழுக்கிறது. என் செடி இதில் போய்விடும் என்றுதான் தோன்றுகிறது. போனால் போகட்டும். ராத்திரி படுக்கும்போது அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொள்கிறேன். என்னுடையது போனாலும் உன்னுடையது இருக்கிறது, குப்பியில் நூறு பிள்ளைகள் இருப்பார்கள். உன் செடி உயிரோடு இருக்கிற தைரியத்தில்தான் இதைப் பலி கொடுக்கத் துணிந்தேன். இல்லையென்றால் அன்றைக்கே காயை அறுத்திருப்பேன், நீ சொல்ல வேண்டியதே இல்லை.

மே கடைசியில் லேபில் லீவு சொல்லியிருக்கிறேன். உன் வீட்டுக்கு வருகிறேன். உன் கரிமூஞ்சியிலிருந்து சின்னதாக ஒரு துண்டு பிரித்துக் கொடு, என் கூடை காலியாக இருக்கக் கூடாது. அப்படியே உன் அதிசய அறையையும் பார்க்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 27
ரொட்டிக்கடை

மச்சான்,

தங்கச்சிக்கும் குழந்தைக்கும் என் அன்பு. உனக்கு அப்புறம் யோசித்துச் சொல்கிறேன்.

உனக்கு அவள் எழுதிய கடிதத்தை என்னிடம்தான் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னாள். ஒட்டுவதற்கு முன்னால் படித்துக் காட்டினாள். உன் செடி உயிரோடு இருக்கிற தைரியத்தில் என்ற இடம் வந்ததும் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அடுப்பைப் பார்க்கணும் என்று சொன்னேன். வீட்டில் ஏது அடுப்பு அந்த நேரத்தில்?

அதற்கு மறுநாள் ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். அவள் லேபுக்குப் போன பிறகு கண்ணாடி வீட்டுக்குள் போனேன். தண்ணீர் தெளிக்கப் போனேன், முழங்கை பட்டது, காய் உடைந்தது, இப்படிச் சொல்லிவிடலாம் என்று திட்டம். என் மேல் ஏற்கெனவே ஒரு பழி இருக்கிறது, இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டால் என்ன, உன் பெயரும் கெடாது, செடியும் பிழைக்கும் என்று நினைத்தேன். கூடைக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தக் காயில் அவள் ஒரு வெள்ளை நூல் கட்டியிருக்கிறாள், குழந்தை கையில் கட்டுவது போல. அதைப் பார்த்த பிறகு கை வரவில்லை மச்சான். மாவு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிறவன், கதவைச் சாத்திக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

செடியில் இப்போது ஐந்து இலை இருக்கிறது. அதில் ஒன்று பாதி மஞ்சள். ஏப்ரல் வரை பொறு என்று சொன்னவன் நான். ஏப்ரல் முடியப்போகிறது. டாக்டர் போன வாரம் அவளை வேகமாக நடக்கவே சொல்லிவிட்டார், இனி அந்தச் சாக்கும் கிடையாது. மே கடைசியில் அவள் வந்து உன் காலிக் கூடையைப் பார்க்கும்வரை நான் சும்மா இருக்க மாட்டேன். இன்னும் பத்து நாளில் நீ எழுதவில்லை என்றால் நான் வாயால் சொல்லிவிடுவேன். நான் சொன்னால் அது உனக்கு ஆயுசுக்கும் போகாத கறை. நீயே சொல்லு.

அத்தான்

*

மே 3

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. முதலில் இதைப் படி. அந்தக் காயை இப்போதே அறுத்துவிடு. அதன் பிறகு மிச்சத்தைப் படி.

நான் அனுப்பியது கரிமூஞ்சி மகரந்தம் இல்லை. மஞ்சவாலுடையது. என் கரிமூஞ்சி நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோதே செத்துவிட்டது. கம்ப்ரஸர் நின்றது, நான் ஊரில் இல்லை, அறை வெந்துவிட்டது. என்னிடம் இப்போது அதன் கூடைகூட இல்லை, தூக்கிப் போட்டுவிட்டேன். நீ துண்டு கேட்டுக்கொண்டு வருகிறாய், கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் நீ படுத்திருந்தாய். அப்புறம் பயம். "அரை டிகிரி ஏறாது" என்று நான் சொன்ன வாயை நினைத்து வெட்கம். பூ உதிர்ந்துவிடும், யாருக்கும் தெரியாது என்று நம்பினேன். நீ பிடித்துவிட்டது என்று எழுதிய அன்று, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்குக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பொறாமையா என்று கேட்டிருந்தாய். அப்படி இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அத்தானுக்கு மார்ச்சிலேயே தெரியும். நான்தான் சொல்லி, வாயை அடைத்து வைத்தேன். அவர் மேல் கோபப்படாதே. உன் உடம்புக்காகத்தான் பொறுத்தார். எல்லாம் என் தப்பு. செடி பிழைத்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது.

தம்பி

*

மே 11
ரொட்டிக்கடை

மச்சான்,

அவள் எழுத மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தாள்.  லேபில் செய்வது போலக் கத்திரிக்கோலை நெருப்பில் காட்டி எடுத்துக்கொண்டு கண்ணாடி வீட்டுக்குப் போனாள். நான் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து அந்தக் காயை, வெள்ளை நூலோடு, என் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"எத்தனை நாளா தெரியும்?" என்றாள்.

"மார்ச்சிலேருந்து" என்றேன்.

"அப்போ தினம் யாரோட பேசிட்டிருந்தேன் நான்?"

நான் தட்டை நகர்த்தி வைத்தேன். அவள் வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து சாப்பாடு போடுகிறாள், துணி மடிக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. வக்கீல் வீட்டுக்கும் பல் டாக்டர் வீட்டுக்கும் அவளே போய் வந்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த லேபிளைக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தாள்.

செடியில் மூன்று இலை இருக்கிறது. இப்போது அவள் இங்கே வரச் சொல்ல மாட்டாள், நீயாக வந்தும் நிற்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்

*

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பிரித்துப் படித்தேன். பதில் எழுதப் பிடிக்கவில்லை.

வக்கீலிடமும் மற்றவர்களிடமும் காய் வீணாகிவிட்டது என்று சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. உனக்காகச் சொல்லாமல் விட்டேன் என்று நினைக்காதே. என் கூடப் பிறந்தவன் செய்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தானோடு பேச ஆரம்பித்துவிட்டேன். அந்த மனிதர் எத்தனை நாள்தான் பூனை மாதிரி வீட்டுக்குள் நடப்பார், பாவமாக இருந்தது.

செத்ததற்காக நான் உன்னைத் திட்டியிருப்பேன். ஒரு வாரம் திட்டியிருப்பேன், அப்புறம் உட்கார்ந்து அழுதிருப்பேன், நீயும் கூட அழுதிருப்பாய். முடிந்திருக்கும். என் வீட்டில் எத்தனை செடி செத்திருக்கிறது, ஒன்றையாவது உன்னிடம் மறைத்தேனா? உன் செடி இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே என் செடியைக் கொன்றிருப்பேனடா. அதை நீ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதுதான் ஆறவில்லை.

இந்தப் பெட்டியை நிமிர்த்தியே திற. உள்ளே கரிமூஞ்சி இருக்கிறது. ஜூலையில் துளிர் விட்டது, இப்போது ஏழு இலை. பிரிக்கிற நிலையில் இல்லாத செடி. நேற்று பிரித்துவிட்டேன். மூன்று இலையும் கொஞ்சம் வேரும் உனக்கு. உலகத்தில் இருப்பது முழுக்க என் ஒரு கூரைக்குக் கீழே தொங்கினால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டும் ஒரே செடி என்பதால் இனி ஒன்றுக்கொன்று காய்க்காது. அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. பிழைத்துக் கிடந்தால் போதும்.

பெட்டியில் முதலில் வக்கீல் விலாசத்தைத்தான் எழுதினேன். அத்தானும் அதுவே சரி என்றார். வக்கீல் நல்லவர், செடிக்கு என்ன ஆனாலும் மறைக்காமல் சொல்லுவார். எழுதியதை அடித்துவிட்டு உன் விலாசத்தை எழுதினேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதே. மன்னித்தால் நானே சொல்கிறேன்.

பாசியைப் பிழிந்து ஈரமாக வை, சொட்டச் சொட்ட வேண்டாம். மழைத்தண்ணீர் மட்டும். குழந்தையின் கொலுசும் உள்ளே ஒரு பொட்டலத்தில் இருக்கிறது, அவள் காலுக்குச் சரியாக இருக்கிறதா என்று எழுது.

செடி செத்துப்போனால் அன்றைக்கே எனக்குச் சொல்லு. ராத்திரியானாலும் போன் பண்ணு. திட்டுவேன், வாங்கிக்கொள்.

அக்கா